எவரும் அறியாத ஊரில் இரண்டு நாள்

மனிதனின் நல்லொழுக்கம் அவனுடைய சொந்தப் பொருளா, அல்லது அவன் குடியிருக்கும் தெரு அவனுக்கு இரவலாகத் தந்து வைத்திருக்கும் பொருளா? இவ்வினாவை ஏடுகளில் நாம் பலமுறை சந்தித்திருக்கிறோம். மாணவர்க்கு விளக்கியும் இருக்கிறோம். ஆயினும் ஒரு வினாவை ஏட்டில் சந்திப்பது வேறு. அது எதிரில் வந்து நின்று நம் கையைப் பிடித்து நிறுத்துவது வேறு. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் இஸ்தான்புல் நகரில் தன்னந்தனியாக நாம் கழித்த இரண்டு நாட்களில் அது நம்மை அவ்வாறு நிறுத்தியது.

அங்கே போன காரணம் பெரிதன்று. நம் மகள் ஜெர்மனியில் வாழ்கிறாள். அவளுடைய பேறுகாலத்திற்குத் துணையாக நாமும் மனைவியும் சென்றிருந்தோம். பேரப்பிள்ளை பிறந்து நாற்பதும் கழிந்தது. மனைவி இன்னும் சில வாரம் இருக்க வேண்டியதாயிற்று. நமக்கோ மதரஸாவில் பாடங்கள் காத்திருந்தன. திரும்பும் விமானம் இஸ்தான்புல் வழியாகச் செல்வது. "மாமா, நீங்க கிதாபுல படிச்ச ஊருதானே, ரெண்டு நாள் இறங்கிப் பார்த்துட்டுப் போங்களேன்" என்றார் மருமகனார். சொன்னதோடு நில்லாமல் சீட்டையும் அவ்வாறே மாற்றித் தந்தார். வெள்ளி மாலை இறங்கி ஞாயிறு இரவு ஏற வேண்டும். "தனியாவா?" என்று மனைவி ஒரே ஒரு சொல்லில் தம் அச்சம் முழுவதையும் கேட்டுவிட்டார். மகள், "அத்தா, யாருகிட்டயும் பேச்சுக் குடுக்காதீங்க. பாஸ்போர்ட்டைப் பத்திரமா வச்சுக்குங்க" என்று விமான நிலையம் வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவர்கள் அஞ்சியதில் வியப்பில்லை. ஐம்பத்தாறு ஆண்டு வாழ்வில் நாம் ஓர் இரவேனும் தனித்துத் தங்கியதில்லை. ஓதிய காலத்தில் நாற்பது மாணவரோடு ஒரே கூடத்தில் உறங்கினோம். மணமான பின் கூட்டுக் குடும்பம். ஹஜ்ஜுக்குச் சென்றதும் ஊர்க்காரர் முப்பது பேர் கொண்ட குழுவில். காலை நம் தெருவில் காலெடுத்து வைத்தால், பள்ளிவாசல் போய்ச் சேர்வதற்குள் பதினைந்து ஸலாமுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அப்படிப்பட்ட ஒருவர், ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரில், தம் பெயரை உச்சரிக்க ஓர் உயிரும் இல்லாத நிலையில் பேருந்திலிருந்து இறங்குகிறார் என்றால் அது சிறிய செய்தியன்று.

சிர்க்கெஜி ரயில் நிலையத்தின் பின்புறச் சந்து ஒன்றில் நம் விடுதி. ஐரோப்பாவிலிருந்து வந்த பழம்பெரும் 'ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' வண்டி வந்து நின்ற நிலையம் அது, 1890இல் திறக்கப்பட்டது. விடுதிக்காரர் முதியவர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலமும் நமக்குத் தெரிந்த துருக்கியும் ஏறக்குறைய ஒரே அளவு. நம் பையை வாங்கி வைத்துவிட்டு, தேநீர்க் கோப்பையை முன்னே நகர்த்தி, நெஞ்சில் கை வைத்து, "மிஸாஃபிர்" என்றார். 'நீர் பயணி' என்கிறாரோ என எண்ணினோம். பிறகுதான் விளங்கிற்று: அச்சொல் அரபியிலிருந்து துருக்கிக்குப் போனபோது பொருள் பெயர்ந்துவிட்டது. அரபியில் முஸாஃபிர் என்றால் பயணி. துருக்கியில் விருந்தினர்! வழியில் போகிறவனுக்கும் வீட்டுக்கு வந்தவனுக்கும் அம்மொழி ஒரே சொல்லை வைத்துவிட்டது.

சொல்லாராய்ச்சி நம் தொழிலோடு ஒட்டிய நோய், வாசகர் பொறுத்தருள்க. 'ஸஃபர்' என்ற பயணத்தின் வேர்ச்சொல்லுக்குத் திரை விலகுதல், வெளிப்படுதல் என்பது பொருள். வைகறை வெளுப்பதை 'இஸ்ஃபார்' என்பதும் அவ்வேரிலிருந்தே. பயணம் மனிதரின் குணங்களைத் திரை நீக்கிக் காட்டுவதால்தான் அப்பெயர் பெற்றது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் பயண ஒழுங்குகளைப் பேசுமிடத்தில் குறிப்பிடுகிறார்கள். நம் வீடுகளில் உணவுக்கு விரிக்கும் சுஃப்ராவும் இக்குடும்பத்துச் சொல்லே. ஆதியில் அது பயணி கட்டிச் சென்ற கட்டுச்சோறு. தமிழுக்கு வந்தபோதோ இச்சொல்லுக்கு வேறொரு வரலாறு. இலங்கை, பர்மா, மலாயா என்று கடல் கடந்து பொருள் தேடப் போனவரை நம் ஊர்களில் 'சபராளி' என்றோம். அரபிக்கு அவர் பயணி, துருக்கிக்கு விருந்தினர். நமக்கோ அவர் வீட்டில் இல்லாதவர். தமிழ் எழுத்தில் 'சபர்' என்றால் பயணம், 'சபுர்' என்றால் பொறுமை. சபராளியின் மனைவிக்கு இரண்டுக்கும் அதிக வேறுபாடு இருந்திருக்காது.

தனிப்பயணத்தைப் பற்றி நம் முன்னோர் அதிகம் எச்சரித்திருக்கிறார்கள். ஒருவராகவும் இருவராகவும் வழி செல்வோரை ஷைத்தானோடு இணைத்துக் கூறி, மூவரானாலே அது பயணக் கூட்டம் எனப் பொருள்படும் நபிமொழி அபூதாவூத், திர்மிதீ தொகுப்புகளில் உண்டு. விளக்கவுரையாளர்கள் இதற்குக் கள்வர் பயத்தையும், நோயையும், வழியில் இறந்தால் குளிப்பாட்டிக் கஃபனிட ஆளில்லாத அவலத்தையும் காரணமாக எழுதினர். விமானமும் கைப்பேசியும் வந்துவிட்ட நாளில் இது எவ்வளவு பொருந்தும் என்பது சட்ட அறிஞர் ஆயும் பொருள். அதற்குள் நாம் புகவில்லை. ஆனால் மாணவப் பருவத்திலிருந்தே நமக்கொரு சிறு ஐயம். களவும் நோயும் மட்டுமே காரணமெனில் 'ஆபத்தில் இருப்பவர்' என்றால் போதுமே. ஷைத்தான் எதற்கு அங்கே வந்தான்?

தனிமையின் துயரை இப்னு பதூதா அளவுக்கு வெளிப்படையாக எழுதியவர் குறைவு. 1325இல் தாஞ்ஜியரிலிருந்து துணையேதுமின்றிப் புறப்பட்டபோது அவருக்கு வயது 21. தூனிஸ் நகரை அடைந்தபோது ஊரார் வந்து, கூட வந்தவர்களை எல்லாம் வரவேற்று நலம் கேட்டனர். இவருக்கு மட்டும் ஸலாம் சொல்ல ஆளில்லை. தாங்க மாட்டாமல் அழுதுவிட்டார். அதைக் கண்ட ஹாஜி ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறி அன்போடு பேசிக்கொண்டே சென்றாராம். பின்னாளில் உலகையே சுற்றி, நம் மதுரைக்கும் வந்து போன மனிதர் அவர்! அத்தகையவரின் முதற்கண்ணீர் ஒரு ஸலாமுக்காகச் சிந்தியது. பின்னர் அவர் அனதோலியா வழியே போனபோது நிலைமை தலைகீழாயிற்று. அங்கே 'அகீ' எனப்பட்ட தோழமைக் குழுவினர் இரு பிரிவாக வந்து, விருந்தினர் எங்களுக்கே உரியவர் என்று சண்டையிட்டதைக் கண்டு, கொள்ளையர் வந்துவிட்டனர் என்று நடுங்கினார். மிஸாஃபிர் என்ற சொல்லின் பொருள் அம்மண்ணில் ஏன் மாறியது என்பது இதிலிருந்து ஓரளவு புலப்படும்.

நமக்கோ அழுகை வரவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், வந்தது மகிழ்ச்சி.

சனிக்கிழமை வைகறைத் தொழுகைக்குப் பின் விடுதியை விட்டு வெளியேறியபோது நம் தோளிலிருந்து ஏதோ ஒரு சுமை இறங்கியிருந்தது. என்ன சுமை என்று உடனே தெரியவில்லை. தள்ளுவண்டியில் 'ஸிமித்' என்னும் எள் தூவிய வளைய ரொட்டி வாங்கி, அதைத் தின்றுகொண்டே நடந்தோம். நடந்துகொண்டே தின்பது! நம் தெருவில் இதைச் செய்திருந்தால் அன்று மாலைக்குள் நான்கு வீடுகளில் பேசப்பட்டிருக்கும். ஒரு கடைக் கண்ணாடியின் முன் நின்று நம் உருவத்தை நாமே வெகுநேரம் பார்த்தோம். மிஸ்ரு கடைத்தெருவில் மிளகுக் குவியலுக்கு முன் நின்று, ஒன்றும் வாங்காமல், விலை மட்டும் கேட்டுவிட்டுப் போனோம். கலாத்தா பாலத்தில் தூண்டிலோடு வரிசையாக நிற்கும் மனிதர்களை அரை மணி நேரம் வேடிக்கை பார்த்தோம். ஹளரத், உஸ்தாது, மாமா, அத்தா என்ற நான்கு சட்டைகளையும் கழற்றி வைத்துவிட்டு வெறும் ஆளாக நிற்பதில் ஓர் இன்பம் இருக்கிறது. அதை மறுப்பவர் அதை அனுபவிக்காதவர்.

முற்பகலில் சுலைமானியா பள்ளிவாசலுக்கு ஏறினோம். 1550இல் தொடங்கி 1557இல் சினான் கட்டி முடித்தது. அதைச் சுற்றி மதரஸாக்கள், மருத்துவமனை, ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் உணவு வழங்கிய அன்னசாலை, பயணியர் தங்கும் விடுதி அனைத்தும் சேர்த்தே அவர் கட்டினார். அவ்வளவையும் எழுப்பிய கை, தனக்கென்று அவ்வளாகத்தின் மூலையில் ஒரு சிறு கல்லறையோடு அமைந்துவிட்டது. முற்றத்தில் அல்ஜீரியாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று படம் எடுத்துத் தரச் சொல்லி நம்மை அணுகியது. நாம் அரபியில் பதிலளித்தோம். அவர்கள் வியந்தார்கள். 'இந்தியாவிலிருந்து வந்தவர் பேசும் அரபியா இது?' என்று மூத்தவர் தம் மக்களிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். நாமும், தேவைக்கு மேல் இரண்டொரு இலக்கணச் சொற்களைச் சேர்த்தே பேசினோம். முப்பது ஆண்டு கற்பித்த மொழி, அன்று காலை நமக்கு நல்ல விலைக்குப் போயிற்று.

அன்று மாலை எமினொனுவில் நடந்ததை இனிச் சொல்ல வேண்டும்.

படகுத் துறைக்கும் புதிய பள்ளிவாசலுக்கும் இடையே சாலையைக் கடக்கச் சுரங்கப்பாதை உண்டு. 'புதிய' என்பது பெயரளவில்தான். 1665இல் திறக்கப்பட்ட பள்ளி அது. மக்ரிபு நெருங்கும் வேளை. அப்பாதையில் மக்கள் ஆறாக ஓடிக்கொண்டிருந்தனர். இருமருங்கும் பொம்மைக் கடைகள், சட்டைக் கடைகள், விற்போரின் கூவல். படிக்கட்டின் அடியில் கறுப்பு மேலங்கி அணிந்த இளம்பெண் ஒருத்தி, இடுப்பில் உறங்கும் குழந்தையோடு, கையில் மடித்த காகிதம் ஒன்றை வைத்துக்கொண்டு, போகிற முகங்களைப் பார்த்தவாறு நின்றாள். நம் தாடியைக் கண்டோ என்னவோ, ஓரடி முன்னே வந்தாள். "அம்மூ, அரபி பேசுவீர்களா?" என்று கேட்டாள். ஷாம் நாட்டுப் பேச்சு வழக்கு. 'அம்மூ' என்றால் தந்தையின் உடன்பிறந்தவர். நம் வீடுகளில் 'சாச்சா' என்போமே, அதுதான்.

நாம் தலையை இப்புறமும் அப்புறமும் அசைத்தோம். தெரியாது என்று.

அவள் வருந்தினாற்போலவும் தெரியவில்லை. அடுத்த முகத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். நம்மைக் கூட்டம் படியேற்றிக் கொண்டுபோய்விட்டது. தொழுகைக்கு நின்றோம். பயணிக்குரிய சலுகைப்படி இஷாவைச் சுருக்கி மக்ரிபோடு சேர்த்துத் தொழுதோம். சலுகைகள் நினைவிலிருந்தன! விடுதிக்கு வந்ததும் மகள் கைப்பேசியில் அழைத்தாள். "அத்தா, சாப்பிட்டீங்களா? என்னென்ன பார்த்தீங்க?" பள்ளிவாசல், பாலம், கடற்காகம், பொரித்த மீன் எல்லாம் சொன்னோம். அவளைச் சொல்லவில்லை.

இரவு உறக்கம் கொள்ளாமல் கிடந்தபோது முதலில் வந்து நின்றது தற்காப்பு வழக்கு. அயலூர், தனி ஆள், கையில் கடவுச்சீட்டு, மகளே எச்சரித்திருக்கிறாள், பெருநகரங்களில் இவ்வாறு பேச்சுக் கொடுத்துப் பணப்பையை எடுத்துச் செல்வோர் இல்லையா? உண்டு. எச்சரிக்கை பாவமன்று, தன்னைக் காத்துக்கொள்ளல் கடமையும் ஆகும். ஆனால் எச்சரிக்கை காலை விலக்கச் சொல்லுமேயன்றித் தலையைப் பொய் சொல்லச் சொல்லாது. 'தெரியும், ஆனால் அவசரம்' என்று சொல்லிப் போயிருக்கலாம். அவள் கேட்டது பணமா, மருந்தா, அக்காகிதத்தில் எழுதியிருந்த முகவரிக்கு வழியா என்பதைக்கூட நாம் அறியவில்லை. அறியும் வாய்ப்பைத்தான் நாம் அசைத்த தலை அடைத்துவிட்டது. காலையில் புகழுக்கு விற்ற மொழியை மாலையில் தேவைக்கு இல்லை என்றோம்.

வழக்கு அங்கேயே முடிந்துவிடவில்லை. நம் மாணவன் ஒருவன், பன்னிரண்டு வயதுச் சிறுவனேயாயினும், அப்போது நம்முடன் நடந்து வந்திருந்தால் அத்தலை அசைந்திருக்குமா? அசைந்திராது. நின்றிருப்போம், கேட்டிருப்போம், அவன் காணக் கூடுதலாகவே கொடுத்திருப்போம். இதற்குப் பதில் சொல்ல நமக்கு ஒரு வினாடி கூடத் தேவைப்படவில்லை. அதுதான் உறக்கத்தைக் கெடுத்தது.

ஒருவருக்காகச் சாட்சி சொல்ல வந்தவரை ஹளரத் உமர் (ரலி) அவர்கள் வினவிய செய்தியை வாசகர் கேட்டிருப்பர். நீர் அவருக்கு அண்டை வீட்டாரா? அவரோடு பொருள் கொடுக்கல் வாங்கல் செய்ததுண்டா? பயணம் போனதுண்டா? எல்லாவற்றுக்கும் இல்லை என்ற பதில் வரவே, பள்ளிவாசலில் அவர் தலை குனிந்து நிமிர்வதைக் கண்டிருப்பீர் போலும், அவரை நீர் அறியமாட்டீர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். துணையோடு போன பயணத்தில் துணைவன் சாட்சி. தனியே போன பயணத்தில் சாட்சி யார்? நம்மைத் தவிர அங்கே ஆளில்லை. அவ்விரவில் நம்மிடம் அவ்வினாவைக் கேட்டிருந்தால் நம் சாட்சியம் நமக்கு உதவியிராது.

குருநாதர் தம் சீடர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பறவையைக் கொடுத்து, எவரும் காணாத இடத்தில் அறுத்து வரச் சொன்ன கதையை அறியாதவர் நம்மில் இல்லை. ஒருவர் மட்டும் பறவையை உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தார்; இறைவன் காணாத இடம் கிடைக்கவில்லை என்றார். நாம் இக்கதையை எத்தனை மேடைகளில் சொல்லியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. மற்றச் சீடர்கள் இடம் தேடி ஒதுக்குப்புறங்களுக்குப் போனார்கள். அவர்கள் ஒரு பெருநகரத்துக்குப் போயிருக்க வேண்டும். ஆயிரம் கண்கள் நடுவே எவரும் பார்க்காத இடம் அங்கேதான் கிடைக்கிறது. நபிமொழியில் ஷைத்தான் ஏன் வந்தான் என்ற நம் பழைய ஐயத்துக்கும் அச்சுரங்கப்பாதையில் ஒரு விடை இருந்தது. அது விளக்கவுரைகளில் ஏறும் தகுதி பெறுமா என்பது வேறு.

வள்ளுவரும் விடுவதாயில்லை. அறத்தை மனத்தின் மாசின்மையில் வைத்து, எஞ்சியதை ஆரவாரம் என்று ஒதுக்கியவர் அவர். வஞ்ச மனத்தானின் பொய்யொழுக்கத்தைக் கண்டு அவன் உடலுக்குள்ளிருக்கும் ஐம்பூதங்களும் நகைக்கும் என்றும் பாடினார். ஊரார் காணாவிட்டாலும் நகைப்பதற்கு உள்ளேயே ஐவர்! விடுதி அறையில் தனியே இருக்கிறோம் என்று நாம் எண்ணியது பிழையான கணக்கு.

இங்கே ஓர் எதிர்வாதம் உண்டு. அதை நாம் எளிதில் தள்ளமாட்டோம். தெருவின் கண்ணுக்காக ஒழுகுவது வெறும் முகத்துதி, அதைவிடத் தெரியாமல் செய்யும் தீமையே நேர்மையானது என்று பேசுவோர் இக்காலத்தில் பலர். அவர்கள் அவசரக்காரர்கள். குழந்தை முதலில் தாயின் கண்ணுக்குப் பயந்துதான் சர்க்கரைச் சாடியை மூடுகிறது. பிறகு ஒருநாள் தாய் இல்லாதபோதும் மூடுகிறது. இடையில் என்ன நிகழ்ந்தது என்று எந்தத் தத்துவ நூலும் நமக்குத் தெளிவாகச் சொன்னதில்லை. ஆனால் முதற்படி இல்லாமல் இரண்டாம்படி இல்லை. ஊர் என்பது ஊன்றுகோல். அதைப் பழிப்பதற்கு ஒன்றுமில்லை. நம் வருத்தம், ஐம்பத்தாறு வயதில், தாடி நரைத்த பின், இன்னும் அது ஊன்றுகோலாகவே இருந்திருக்கிறதே என்பதுதான்.

பெயரற்றிருத்தல் எல்லாரையும் இப்படிக் கெடுப்பதுமில்லை. பக்தாதின் நிஸாமிய்யாவில் புகழின் உச்சியில் இருந்த இமாம் கஸ்ஸாலி, தம் கற்பித்தலின் நோக்கத்தைத் தோண்டிப் பார்த்தபோது அங்கே இறைவனுக்குப் பதில் புகழாசை இருக்கக் கண்டதாகத் தாமே எழுதியிருக்கிறார்கள். 1095இல் அனைத்தையும் துறந்து வெளியேறி, டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு தனித்திருந்தார்கள். ஓர் ஆசிரியர் தம் பெயரை மேற்கோள் காட்டிப் பேசக் கேட்டதும், தற்பெருமை தலைதூக்கிவிடுமோ என்று அஞ்சி அவ்வூரை விட்டே அகன்றார்கள் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அவர்கள் பெயரை இழந்தது தம்மைத் தேடிக் கண்டடைவதற்கு. நாம் பெயரை இழந்த முதல் நாளிலேயே நம்மையும் தொலைத்தோம். அப்பெரியார் புகலிடம் தேடிப் போனது ஷாமுக்கு. நம்மை மறித்துக் கேட்டவள் பேசியது அந்த ஷாமின் பேச்சு.

ஞாயிறு காலை முதல் வேலையாக அச்சுரங்கப்பாதைக்குப் போனோம். கடைகள் பாதி திறந்திருந்தன. படிக்கட்டின் அடியில் ஒருவன் குடை விற்றுக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரம் மேலும் கீழும் நடந்தோம். அந்நகரில் ஒருவரை மறுநாள் தேடிக் காண்பது என்பது நடவாத காரியம் என்று தெரிந்தேதான் நடந்தோம்.

சிரியாவில் 2011இல் மூண்ட போரால் துருக்கிக்கு வந்தவர்கள் ஒரு கட்டத்தில் முப்பது இலட்சத்துக்கும் மேல். தொடக்க ஆண்டுகளில் துருக்கிய அரசு அவர்களை அகதிகள் என்று குறிக்கவில்லை. 'மிஸாஃபிர்' என்றே குறித்தது. 2014இல்தான் 'தற்காலிகப் பாதுகாப்பு' என்ற சட்டநிலை வந்தது. விருந்தினர் என்பது அழகிய சொல். ஆனால் விருந்தினருக்கு உரிமை இல்லை. உபசாரம் மட்டுமே உண்டு. உபசாரமோ நாட்கணக்கில் அளக்கப்படுவது. மூன்று நாளே விருந்து, அதற்கு மேல் தருமம் என்ற மரபை நாம் அறிவோம். ஆண்டுக்கணக்கில் விருந்தினராயிருப்பது எவ்வளவு களைப்பு என்பது, இரண்டே நாள் விருந்தினராயிருந்த நமக்கு எப்படித் தெரியும்? 2024 டிசம்பரில் டமாஸ்கஸில் ஆட்சி கவிழ்ந்த பின் பல இலட்சம் பேர் நாடு திரும்பியிருக்கிறார்கள். அவளும் அக்குழந்தையும் அவர்களுள் இருக்கலாம்.

நண்பகலில் படகேறி உஸ்குதாருக்குப் போனோம். ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். தேடிப் போனது ஒரு கல்லை. உதுமானியர் காலத்தில் 'ஸதகாக் கல்' என்று தூண்களை நட்டிருந்தனர். ஆள் உயரத்துக்கு ஒரு கல்தூண். உச்சியில் உள்ளங்கை ஆழத்துக்கு ஒரு குழி. வசதி உள்ளவர் கையை உயர்த்திக் குழிக்குள் காசை வைத்துப் போவார். இல்லாதவர் கையை உயர்த்தித் தமக்கு வேண்டிய அளவு எடுத்துப் போவார். வைப்பவரா எடுப்பவரா என்பது பார்ப்பவருக்குத் தெரியாது; இரண்டு கைகளும் ஒரே போலத்தான் உயரும். இன்று எஞ்சியிருப்பவை சிலவே. அவற்றுள் ஒன்று உஸ்குதாரின் குடியிருப்புத் தெருக்களிடையே, ஒரு பள்ளிவாசலின் அருகில், வாகனங்கள் உரசிச் செல்லும் இடத்தில் நிற்கிறது.

அதன் முன் வெகுநேரம் நின்றோம். எவரும் பார்க்காததால் மனிதன் கெடுகிறான் என்று இரவெல்லாம் எண்ணிய நமக்கு, எவரும் பார்க்காதிருப்பதையே அடித்தளமாக வைத்து அறம் செய்த ஒரு சமூகம் வியப்பாயிருந்தது. எடுப்பவர் அளவோடு எடுப்பார் என்று இருளை நம்பியிருக்கிறார்கள்! அவ்விருளை எழுப்பித் தந்ததும் ஊர்தான் என்பதும் உடனே தோன்றிற்று. வாங்குபவரின் முகம் வாடக் கூடாது என்று ஊர் கூடி, தன் கண்ணைத் தானே ஓரிடத்தில் மூடிக்கொண்டது. எம் தெருவின் கண்களைப் பற்றி இந்தக் கோணத்தில் நாம் எண்ணியதே இல்லை.

அங்கிருந்து திரும்புகையில் ஒரு ரொட்டிக் கடை. இக்காலத்திலும் அந்நாட்டுக் கடைகள் சிலவற்றில் 'தொங்கும் ரொட்டி' என்ற வழக்கம் உண்டு. ஒருவர் இரண்டு ரொட்டிக்குக் காசு கொடுத்து ஒன்றை மட்டும் எடுத்துச் செல்வார். மற்றொன்று இல்லாதவர் வந்து கேட்கும்வரை கடையில் இருக்கும். நாமும் சைகையால் விளக்கி ஐந்து ரொட்டிக்குக் காசு வைத்தோம். வைத்துவிட்டு வெளியே வந்தபோது மனம் இலேசாகும் என்று எதிர்பார்த்தோம், ஆகவில்லை. ஆகாதது நல்லதே. முகம் தெரியாத ஒருவருக்குக் கொடுப்பது நமக்கு எப்போதும் எளிது. கடினமாயிருந்தது, முகத்துக்கு நேரே நின்று 'அம்மூ' என்று அழைத்தவளுக்கு 'ஆம், தெரியும்' என்று ஒரு சொல் சொல்வது. கல்லிலும் ரொட்டியிலும் அதற்கு மாற்று இல்லை. ஒன்றுக்குப் பட்ட கடனை மற்றொன்றில் தீர்த்துவிட்டதாகக் கணக்கெழுதும் பழக்கம் நம்மவரிடம் நிறைய உண்டு, நம்மிடமும்.

துறைமுகத்தருகே தேநீர்க் கடையில் அமர்ந்தோம். பக்கத்து நாற்காலியிலிருந்த கிழவர் எந்த ஊர் என்று சைகையில் கேட்டார். இந்தியா என்றோம். நாம் எழுந்து காசு கொடுக்கப் போனபோது கடைப்பையன் வாங்க மறுத்தான். கிழவர் முன்பே கொடுத்துவிட்டிருந்தார். நம்மைச் சுட்டி, "மிஸாஃபிர்" என்றார். அச்சொல்லை இரண்டு நாளில் இரண்டாம் முறை கேட்கிறோம். முதல் முறை இனித்தது.

அன்றிரவு விமானம் ஏறி ஊர் வந்து சேர்ந்தோம். தெருமுனையிலேயே ஸலாம்கள் தொடங்கிவிட்டன. "ஹளரத், சபர் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் நல்லபடி என்றோம். பள்ளிவாசல் வாயிலில் வழக்கமாக அமரும் முதியவள் கை நீட்டினாள். வழக்கம்போல் கொடுத்தோம். கொடுத்த கை யாருடையது என்று அன்று முதன்முறையாக ஐயம் வந்தது.

அவ்வாரம் வகுப்பில் ஜகாத்துப் பாடம் முறையாக வந்தது. எட்டு வகையாரை வரிசையாகச் சொல்லி, எட்டாவதாக 'இப்னுஸ் ஸபீல்' என்ற இடத்தில் வந்து நின்றோம். நேர்ப்பொருள் 'பாதையின் மகன்', கருத்து, வழிப்போக்கர். ஆண்டுதோறும் நடத்தும் பாடம்தான். பின்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்தான். "உஸ்தாது, அவர் சொந்த ஊர்ல வசதியானவரா இருந்தா?" என்று கேட்டான். "இருந்தாலும், வழியில் கையில் இல்லாவிட்டால் அவருக்கும் உரிமை உண்டு" என்று கிதாபில் உள்ளபடி சொன்னோம். "அவரு உண்மையைத்தான் சொல்றாருன்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்று அவன் மீண்டும் கேட்டான்.

"முதலில் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும்" என்றோம். அது கிதாபில் இல்லை. அவன் அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.